பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர்

“இந்த ரிம்முல நீங்க கேக்கிற டயரு உக்காரும்ணா. உக்காரும்னுதான் சொல்றேன், ஓடும்னு சொல்லல” என்றார் டயர் கடைக்கார அம்மா.

ஓரிக்கைக்குப் போகிற சாலையில் அவர் கடை. வீட்டுக்காரர் வேன் ஓட்டப் போய்விட்டதால் பத்து வருடமாக டயர் வியாபாரத்தை இவர்தான் பார்க்கிறார். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், டயர் கம்பெனி ஆட்களிடம் இரண்டும் கலந்த சண்டை. அங்கிருந்து நாலு கடை தள்ளி நான் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கிறேன். மோதி நசுங்கி வருகிற வண்டிகளின் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது என் தொழில். இத்தனை வருடம் தகட்டோடு மல்லுக்கட்டியவனுக்கு டயர் விற்கிறவர் வண்டியைப் பற்றிச் சொல்லித்தருவதா என்று எனக்கு உள்ளுக்குள் ஏறியது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். யோசனை கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அன்று அவர் கடை வாசலில் கிடந்தவை என் காரின் நான்கு சக்கரங்கள். பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். பட்டுக்கடைக்காரர் ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் முருங்கை மரத்தடியில் வருடக்கணக்காக மக்கிக்கொண்டிருந்தது. எடைக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் கேட்டு வாங்கி வந்தேன். நாலு வருடம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை வராத நாட்களிலும், அழுகின தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து ஒட்டினேன். எஞ்சினை ஒரு நண்பன் ஓடவைத்துக் கொடுத்தான். நிறம் மட்டும் அக்கா மகள் சொன்னது: அரக்கு. பெயிண்ட் கடையில் அரக்கு என்று கேட்டால் ஐந்து விதம் காட்டினார்கள். அவளுடைய கல்யாணப் புடவைக்குச் சாயம் போட்ட இடத்துக்குப் போய் ஒரு பிடி நூல் வாங்கி வந்து, இதே நிறம்தான் வேண்டும் என்று கடையை விட்டு நகராமல் நின்றேன்.

அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் செய்கிற சீர் அந்தக் கார். தாய்மாமன் சீர் என்றால் பட்டும் நகையும் தட்டுகளும்தான் வழக்கம். அதையெல்லாமும் செய்தேன். ஆனால் அக்கா என்னிடம் கேட்டது வேறு. காஞ்சிபுரத்து மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் பால் பழம் சாப்பிட எங்கள் காலனிக்கு வரும்போது ஊர்த்தெரு வழியாக வரவேண்டும். வண்டியில் உட்கார்ந்தபடியே வரவேண்டும். நடுவில் இறங்கக்கூடாது.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். எங்கள் ஊர் பாலாற்றுப் பக்கம் இருக்கிறது, பெயர் வேண்டாம். கூட்டுரோட்டிலிருந்து காலனிக்கு நேர்வழி ஊர்த்தெரு. இன்னொரு வழி ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வரும். இப்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் ஊர்த்தெருவில் பைக்கில் சர்ரென்று போகிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் எங்கள் கல்யாண வண்டியும் பாடையும் மட்டும் இன்றுவரை ஏரிக்கரை வழிதான். யாரும் தடுப்பதில்லை, யாரும் போய்ப் பார்ப்பதும் இல்லை. ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தது அக்கா. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், அவள் கல்யாணத்தன்று, வாடகைக் காரில். கோயிலுக்கு முன்னால் நாலு பேர் நின்று கைகாட்டினார்கள். அக்காவும் அவள் வீட்டுக்காரரும் மாலையோடு கீழே இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் நடந்தார்கள். கார் காலியாகப் பின்னால் ஊர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு அக்கா அந்த நாளைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. மகளுக்கு நாள் குறித்த அன்றைக்குத்தான் சொன்னாள்.

“எம் பொண்ணு அந்தத் தெருவுல எறங்காம வரணும். அத்த நீ பாத்துக்க. எனக்கு வேற ஒண்ணியும் வேணாம்.”

ஸ்டேஷனில் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிடலாமா என்று சொந்தத்தில் யாரோ கேட்டார்கள். “ரோட்டுல போறதுக்கு இன்னாத்துக்கு மனு?” என்று அக்கா சீறினாள். நாங்கள் அந்த வழியாக வரப்போவது ஊர்ப் பக்கம் தெரிந்திருந்தது. அங்கிருந்து போகலாம் என்றும் பதில் வரவில்லை, கூடாது என்றும் வரவில்லை. கூடாது என்று சொல்லியிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்து தெம்பாக இருந்திருப்பேன். ஒன்றுமே சொல்லாதவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

டயருக்கு வருகிறேன். வண்டியோடு வந்த டயர்கள் வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தன. கம்பெனி போட்ட அளவு நூற்று ஐம்பத்தைந்து, அதாவது அத்தனை மில்லிமீட்டர் அகலம். அது வேண்டுமென்றால் சென்னையில் சொல்லி வரவழைக்க இரண்டு வாரம் ஆகும். அதற்கு அடுத்த அகலமான நூற்று அறுபத்தைந்து கடையிலேயே இருந்தது, அந்த ரிம்முக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்றார் கடைக்கார அம்மா. நான் கை காட்டியது மேல்தட்டில் இருந்த நூற்று எண்பத்தைந்தை.

காரணத்தை மறைக்க மாட்டேன். நிறம் பூசி முடித்த வண்டியைப் பழைய டயரில் நிறுத்திப் பார்த்தபோது எனக்குச் சப்பென்று இருந்தது. மேலே அவ்வளவு அழகு, கீழே குச்சிக் கால். அந்தத் தெருவில் என் வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகவேண்டும், டயர் மட்கார்டை அடைத்துக்கொண்டு நிற்கவேண்டும், பார்க்கிறவன் தன்னால் ஒதுங்கவேண்டும் என்று நினைத்தேன். அக்கா கேட்டது மகள் இறங்காமல் வரவேண்டும் என்பதைத்தான். மற்றதெல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்டது.

“அகலம்தான் வேணும்னா ரிம்மையும் அகலமா மாத்திடுங்கண்ணா.”

“ரிம்மு வண்டியோட வந்ததுமா. அத்த மாத்தமாட்டேன்.”

“அப்ப அறுவத்தஞ்சே போடுங்க. தறியில அச்சு எவ்ளோ அகலமோ அவ்ளோதானே துணி வரும்? இது நாலரை இன்ச்சு ரிம்மு. இதுல இத்தப் போய் மாட்டினா ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கினு நிக்கும். பழச விட பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டரு வெளிய வரும். ஆளு ஏறினா மட்கார்டுல உரசும்.”

“மட்கார்டு நான் கட்டினது. உரசுமா உரசாதான்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப அந்த உள்விளிம்பையாவது மடக்கி வுட்டுருங்க. ஒங்களுக்கு அது கால்மணி நேர வேல.”

அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. சக்கரத்துக்கு மேலே வளைந்து வருகிற மட்கார்டின் ஓரத்தில், தகட்டை உள்பக்கமாக ஒரு விரல் அகலத்துக்கு மடித்துவிட்டிருப்பார்கள். டயர் மேலே ஏறும்போது முதலில் படுவது அந்த விளிம்புதான், கத்தி மாதிரி இருக்கும். அதை நெம்பி மேலே படியவைத்துவிட்டால் இடம் கிடைக்கும். ஆனால் தகடு அசைந்தால் மேலே பூசின நிறம் வெடிக்கும். ஊர்வலத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மூன்று கோட் அரக்கு, அதற்கு மேல் மினுக்கு, அதற்கு மேல் என் கர்வம். அதில் ஒரு கீறல் விழுவதை நினைக்கவே எனக்கு மனசு வரவில்லை.

எண்பத்தைந்தையே மாட்டச் சொன்னேன். அந்த அம்மா மேல்தட்டிலிருந்து டயர்களை இறக்கினார். காற்று அடித்ததும் டயர்கள் ரிம்முக்கு வெளியே பிதுங்கி, வாயில் இரண்டு லட்டு அடக்கின மாதிரி ஆயின. எனக்கு அதுவும் அழகாகத்தான் தெரிந்தது.

பரிசோதனை செய்யாமல் இருக்கவில்லை. இரண்டு சீட்டில் ஒன்று ஓட்டுகிற எனக்கு. பொண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் டிக்கி மேல் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து, காலை சீட்டுப் பக்கம் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் எடைக்கு அரிசிக் கடையிலிருந்து இருபத்தைந்து கிலோ சிப்பம் ஐந்து கொண்டுவந்து டிக்கி மேல் அடுக்கினேன். பின்பக்கம் இறங்கியது. டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போய்வந்தது. போதும் என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து டயர் கடைக்கார அம்மா டீ வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். அரிசி மூட்டையைப் பார்த்தார், என் சுண்டுவிரலைப் பார்த்தார்.

“நிக்கிற வண்டிக்கு அளவு பாக்கிறீங்கண்ணா. ஓடுற வண்டிக்குப் பாருங்க.”

“நீங்க போய் பஞ்சர் ஒட்டுங்கமா” என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. டீ தளும்பாமல் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சொன்ன உடனேயே எனக்கு அசிங்கமாக இருந்தது, ஆனாலும் பின்னால் போய் மன்னிப்பு கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெட்ரோல் போட்டுவர சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் எடுத்துப்போனேன். வண்டியில் நான் ஒருத்தன்தான். பெருமாள் கோயில் பக்கம் போகிறவன் வருகிறவன் எல்லாம் செல்போனில் படம் எடுத்தான். நான் அரசியல்வாதி மாதிரி தலையாட்டிக்கொண்டே வந்தேன். ஷெட்டில் நிறுத்தித் துணியால் துடைக்கும்போது இடது பின்சக்கர டயரின் தோளில், அதாவது தரையில் படுகிற பாகமும் பக்கவாட்டும் சேருகிற வளைவில், ஒரு கோடு தெரிந்தது. நூல் பருமன்தான், சுற்றிலும் பளபளவென்று இருந்தது. எங்கேயோ ஒரு பள்ளத்தில் விளிம்பு தொட்டிருக்கிறது. ஆள் ஏறாத வண்டிக்கே இப்படி என்றால் இரண்டு பேர் ஏறினால் என்ன ஆகும்?

சுத்தியின் மரப்பிடியை எடுத்து விளிம்புக்குள் விட்டேன். ஹீட்டரால் தகட்டைச் சூடாக்கிவிட்டு மெதுவாக நெம்பினேன். உள்ளே எங்கேயோ டிக்கென்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டேன். அப்போது பார்த்து அக்கா மகள் வந்து நின்றாள். செல்போன் கம்பெனியில் ஒரு லைனுக்கே அவள் சூப்பர்வைசர். நாற்பது பேரை அதட்டுகிறவள், என் ஷெட்டுக்கு வந்தால் சின்னப் பிள்ளையாகிவிடுவாள்.

“சூப்பர் மாமா! என் பொடவ கலரே கீது” என்று சொல்லி, நான் நெம்பிக்கொண்டிருந்த அதே மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். “இன்னா பண்ணிக்கினு இருக்க?”

“சும்மா தொடைக்கிறேன் கண்ணு.”

அவள் போனபிறகு நான் செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. விளிம்பை மடக்குவதை விட்டுவிட்டு, பின்பக்க எடையைக் குறைக்கிறேன் என்று டிக்கியிலிருந்த ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்து ஷெட்டில் வைத்துவிட்டேன். மறுநாள் பூ அலங்காரக்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. காலை பதினோரு மணிக்குக் கூட்டுரோட்டில் பொண்ணும் மாப்பிள்ளையும் வேனிலிருந்து இறங்கி என் வண்டிக்கு மாறினார்கள். மாப்பிள்ளை வேலூர் பக்கத்துப் பையன், சாது. “மாமா, கால் இங்க வைக்கலாமா?” என்று கேட்டுக் கேட்டு ஏறினார். அவர்கள் உட்கார்ந்ததும் பின்பக்கம் இறங்கியதை நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முதுகில் உணர்ந்தேன். முன்னால் பேண்டு செட்டு, பின்னால் சொந்தபந்தம். வண்டிக்கு நேர் பின்னால் அக்காவும் அவள் வீட்டுக்காரரும். அக்கா முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். கல்யாண வீட்டு முகமே இல்லை. பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஊர்த்தெருவுக்குள் திரும்பினோம். வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு வீட்டில் படாரென்று கதவு சாத்தினார்கள். அடுத்த வீட்டு மாடியில் ஒரு பெண் குழந்தை கையாட்டியது, யாரோ அதன் கையைப் பிடித்து இறக்கினார்கள். மளிகைக் கடைக்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். யாரும் தெருவில் இறங்கித் தடுக்கவில்லை. பேண்டு செட்டுக்காரர்களுக்கும் பயம் போல, அதனாலேயே காது கிழிய அடித்தார்கள். எனக்கு டயர் சத்தம் கேட்கவேண்டும். அடிப்பதை நிறுத்து என்று கத்தலாம் போல இருந்தது. நிறுத்தினால் பயந்துவிட்டோம் என்று ஆகிவிடும். நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டே தலையைச் சாய்த்து இடது பின்பக்கம் காதைக் கொடுத்தேன், பேண்டுதான் கேட்டது.

சத்தம் கேட்கவில்லை. வாசம் வந்தது. ரப்பர் காந்துகிற வாசம்.

முன்னால் கோயில். அதைத் தாண்டியதும் வலது பக்கம் திரும்பினால் எங்கள் காலனி, நூறு அடி தூரம்கூட இருக்காது. திருப்பத்துக்கு முன்னால் கோயிலை ஒட்டி ஒரு வேகத்தடை, அதில் நேராக ஏற இடமில்லை. ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் கோயில் படி. சாய்வாகத்தான் ஏறவேண்டும். முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. வலது பின்சக்கரம் ஏறி இறங்கியது. இடது பின்சக்கரம் தனியாக மேட்டில் ஏறியபோது கரக்கென்று ஒரு சத்தம் வந்தது, வண்டி ஒரு பக்கமாகக் குலுங்கி நின்றுவிட்டது. பேண்டு சத்தத்தையும் மீறி அது எல்லோருக்கும் கேட்டது.

இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். விளிம்பு டயரின் தோளைக் கவ்விப் பிடித்திருந்தது. வெற்றிலை அளவுக்கு ஒரு தோல் கிழிந்து தொங்கியது. இன்னும் அரைச் சுற்று சுற்றினால் உள்ளே நூல் வரைக்கும் அறுத்துவிடும். டிக்கி மேல் இரண்டு பேரை வைத்துக்கொண்டு டயரை வெடிக்கவிட முடியாது. பின்னால் எடுத்தாலும் அதே கதிதான். ஜாக்கி ஷெட்டில் பத்திரமாக இருக்கிறது. மேலே இருக்கிற எடை குறைந்தால் தகடு நாலு விரல் தூக்கும், விளிம்பு விட்டுவிடும். ஒரு நிமிட வேலை.

என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“எறங்கு கண்ணு. ரெண்டே நிமிஷம். ரெண்டு பேரும் எறங்கிடுங்க.”

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. இந்த வார்த்தையை இதே இடத்தில் நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அக்கா கல்யாணத்தன்று அந்த வாடகைக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது நான். எனக்கு அப்போது பதினெட்டு வயசு. நாலு பேர் கைகாட்டினார்கள் என்றேனே, அவர்கள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நான் நேரம் கொடுக்கவில்லை. அவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் பின்பக்கம் திரும்பி, “எறங்குக்கா, வம்பு வேணாம்” என்றேன். கீழே இறங்கி அவள் பக்கத்துக் கதவைத் திறந்து விட்டதும் நான்தான். செருப்பைக் கழற்றும்போது தடுமாறாமல் இருக்க அவள் என் தோளைத்தான் பிடித்தாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவும் சொன்னதில்லை.

மாப்பிள்ளை பாதி எழுந்துவிட்டார். அக்கா மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“மாட்டேன் மாமா.”

“டயரு கிழியுது கண்ணு, சொன்னா கேளு.”

“வண்டிய இன்னா பண்ணணுமோ பண்ணு. நான் எறங்கமாட்டேன்.”

கண்ணில் மை கரைந்திருந்தது. ஆனால் ஜமுக்காளத்தை இரண்டு பக்கமும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேண்டு நின்றுவிட்டது. கோயில் படியில் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆள், என் வயசுதான் இருக்கும், எழுந்து நின்றார்.

“இன்னாபா, மாட்டிக்கிச்சா? பொண்ணு மாப்பிள்ளைய எறக்கி வுட்டுத் தள்ளுங்கபா, வந்துரும்.”

அவர் சொன்னது சரியான யோசனை. எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்வான், நானே அதைத்தான் சொன்னேன். உதவியாகச் சொன்னாரா, வேறு கணக்கில் சொன்னாரா என்று அவர் முகத்தில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. காலனிப் பையன்கள் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு அவர் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்தார்கள். இன்னும் ஒரு வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் கைகலப்பாகிவிடும்.

“பொண்ணு எறங்காது” என்றாள் அக்கா. அவள் அந்த ஆளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பட்டுப் புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியின் பின் பம்பரில் கையை வைத்தாள். “வண்டியத் தூக்குங்க.”

அவள் வீட்டுக்காரர் ஓடிவந்து பக்கத்தில் பிடித்தார். முறைத்துக்கொண்டிருந்த பையன்கள் திரும்பி வந்தார்கள். பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கிறவர் டிரம்மைக் கழற்றி ரோட்டில் வைத்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இரண்டு பேர். மொத்தம் ஏழு பேர் பின்பக்கத்தைச் சுற்றி நின்றார்கள். நான் சீட்டுக்கு அடியில் எப்போதும் வைத்திருக்கிற சுத்தியை எடுத்துக்கொண்டு, கல்யாண வேட்டியோடு ரோட்டில் மல்லாந்து படுத்தேன்.

“தூக்கு!”

சக்கரம் தரையிலேயே இருக்க, மேல்பாகம் மட்டும் ஸ்பிரிங்கை விட்டு எழும்பியது. ஒரு விரல், இரண்டு விரல். விளிம்பு டயரை விட்டது. மரப்பிடியை உள்ளே விட்டு முழு பலத்தோடு நெம்பினேன். தகடு மடங்கியது, நிறம் பட்டுப் பட்டென்று வெடித்தது. அரக்குச் சில்லுகள் என் நெற்றியிலும் வாயிலும் விழுந்தன. இரண்டு நாள் முன்னால் எதைக் காப்பாற்ற அப்படித் தவித்தேனோ அது முகத்தில் கொட்டும்போது எனக்குத் துப்பக்கூட நேரமில்லை. ஒரு சாண் மடக்கி அடுத்த சாணுக்கு நகர்ந்தேன். மேலே ஆட்கள் மூச்சு வாங்குவது கேட்டது. படுத்திருந்த இடத்திலிருந்து அவர்களுடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. வண்டியைச் சுற்றி வரிசையாக, எல்லாக் கால்களிலும் செருப்பு இருந்தது. அக்கா புதுச் செருப்பின் குதிகாலை ரோட்டில் அழுத்தி ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“இன்னும் எவ்ளோ நேரம்டா?” என்று அவள் வீட்டுக்காரர் முனகினார்.

“போதும் மாமா. மெதுவா வுடுங்க.”

இறக்கினார்கள். டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தது. தொங்கின தோலைப் பிய்த்து எறிந்தேன். உள்நூல் வெளியே தெரியவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை அவசரமாக விட்டதில் எஞ்சின் ஒரு தடவை அணைந்து, மறுபடி கிளப்பவேண்டியிருந்தது. வண்டி வேகத்தடையிலிருந்து இறங்கி, கோயிலைத் தாண்டி, வலது பக்கம் திரும்பியது. படியில் நின்ற ஆள் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். கை கொடுக்கவும் வரவில்லை, தடுக்கவும் வரவில்லை. அவர் எந்த எண்ணத்தில் சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

காலனி வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். அக்கா மகள் அங்கேதான் இறங்கினாள். இறங்கின உடனே மாப்பிள்ளை தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். குலவையும் பட்டாசுமாக இருந்ததால் பாதிப் பேருக்கு அது தெரியாது.

மறுவாரம் டயர் கடைக்குப் போனேன். அந்த அம்மா கிழிந்த டயரைப் பார்த்தார், வெடித்த மட்கார்டைப் பார்த்தார். பஞ்சர் பேச்சை எடுக்கவில்லை. “அறுவத்தஞ்சாண்ணா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பேசினதுக்கு மன்னிப்பும் கேட்டேன். மட்கார்டை நான் இன்னும் சரிசெய்யவில்லை. வெடிப்பு அப்படியே இருக்கிறது.

கல்யாணத்தன்று மதியம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது நான் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். புருவத்தில் ஒட்டின சில்லு போகவே இல்லை. அக்கா வந்து நின்றாள்.

“எறங்குன்னு நீதான் மொதல்ல சொன்ன” என்றாள்.

“ஆமாக்கா.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையை நனைத்து என் புருவத்தில் ஒட்டியிருந்த அரக்கைத் துடைத்தாள். உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது, வண்டியைத் தூக்கின கை.

“அவ கேக்கல பாத்தியா?”

“பாத்தேன்கா.”

முந்தானையைப் பிழிந்து உதறினாள். பந்தியில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

“அன்னிக்கி நான் கேட்டுட்டேன்டா” என்றாள்.